வளைவுப் பெண்

கார்க் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்த லெய்ரேயின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உடம்பெல்லாம் வெள்ளை உடை. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, அச்சு அசல் வளைவுப் பொண்ணு மாதிரியே இருக்கியே."

"ஆஸ்பத்திரி நர்ஸும்மா. ராத்திரி டூட்டி. உடுப்பு மாத்தக்கூட நேரமில்ல, இந்த லெயோன் ஊரு மழை குளிப்பாட்டியே அனுப்பிடுச்சு."

வளைவுப் பெண்ணின் கதையைக் கேட்காமல் ஸ்பெயினில் யாரும் கார் ஓட்டக் கற்றதில்லை. மழையில் வெள்ளை உடையோடு நின்று காரை மறிப்பாள். பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டால், ஆபத்தான ஒரு வளைவு வரும்போது "இங்கதான் நான் செத்தேன்" என்று சொல்லிவிட்டு மாயமாகிவிடுவாள். மாகாணத்துக்கு மாகாணம் அவளுக்கென்று ஒரு வளைவு உண்டு.

அந்த அம்மாளின் பெயர் எதெல்வினா. மடியில் ஒரு பெட்டி நிறைய கேக். கார்க்காரர் உபால்தோ ஐம்பதைத் தொட்டவர், பேச்சைக்கூட அளந்துதான் செலவழிப்பார். மூவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. பயணச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு செயலி சேர்த்துவைத்த உறவு. உபால்தோ வாராவாரம் சுங்கச் சாலை வழியாக ஓவியேதோ நகருக்குப் போய்வருகிறவர் என்று அதில் போட்டிருந்தது.

"ஹீட்டர் போடுங்களேண்ணே. நடுங்குது."

"பெட்ரோல் குடிக்கும்."

ஊர் எல்லை தாண்டியதும் ரேடியோவில் செய்தி வந்தது. சுங்கச் சாலையில் மண் சரிந்துவிட்டதாம். ஓவியேதோ போகிறவர்கள் பழைய மலைப்பாதையில்தான் போக வேண்டுமாம். உபால்தோ காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போவோமா?" என்றார்.

"ஐயோ, என் பொண்ணுக்கு இன்னிக்குப் பொறந்தநாள்ணே. ரெண்டு வயசு. அவ மெழுகுவத்தி ஊதறதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும்," என்று பதறினாள் லெய்ரே.

எதெல்வினாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "மலைப்பாதை ஓசிதானே, உமக்கு லாபம்தான். ஹீட்டருக்கே அழற மனுஷன், வாராவாரம் சுங்கத்துக்கு ஏன்யா கொட்டி அழறீர்?"

"போன குளிர்காலத்துலேர்ந்து நான் அந்தப் பக்கம் போறதில்ல," என்றார் உபால்தோ. "மூடுபனி."

வேறு வழியில்லாமல் மலையேறினார். ஏறியவர் பேய் துரத்துவதுபோல் ஓட்டத் தொடங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கேக் பெட்டி எதெல்வினாவின் மடியிலிருந்து நழுவ, அவள் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் ஜெபமாலையையும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாண்ணே," என்றாள் லெய்ரே.

"சீக்கிரம் தாண்டிடணும்."

"அஞ்சு ஸ்டார்ல மூணைக் குறைச்சுடுவேன்."

"குறைச்சுக்கோ."

"வாந்தி வருது."

"ஜன்னல் இருக்கு."

லெய்ரேவுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஓட்டுகிறவர்களையும் அவர்களை நம்பி ஏறினவர்களையும் அவசரப் பிரிவில் தினம் தினம் பார்க்கிறவள் அவள். மகள் மெழுகுவத்தி ஊதும் நாளில் தானே ஸ்ட்ரெச்சரில் போய் இறங்குவதா?

எதெல்வினா ஆறுதலாக அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் பனிக்கட்டியைத் தொட்டதுபோல் உதறினாள். பிறகு அந்த ஈர உடையை மேலும் கீழும் பார்த்தாள். வெளியே, மழையும் மூடுபனியும் குடித்துக்கொண்டிருந்த பாதையைப் பார்த்தாள். மெல்ல ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

லெய்ரேவுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். பிழைத்தால் எல்லோருமாகச் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம்.

தூரத்தில் மஞ்சள் பலகை தெரிந்தது. அபாய வளைவு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அந்தப் பலகையைப் பார்த்ததும் உபால்தோ ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தார்.

லெய்ரே சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தாள். கூந்தலை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் காதோரம் குனிந்து, பிணவறைக் குரலில் சொன்னாள்:

"அண்ணே... இந்த வளைவுலதான் நான் செத்தேன்."

கார் கிறீச்சிட்டது. வழுக்கியது, குலுங்கியது, பாதையோரக் கம்பித் தடுப்பை ஒட்டி வந்து ஒருவழியாக நின்றது. கேக் பெட்டி கீழே கவிழ்ந்தது.

மூன்று உயிரும் பத்திரம். எதெல்வினா சிரிப்பை அடக்க ஜெபமாலையை வாயில் திணித்துக்கொண்டாள். லெய்ரே முடியை விலக்கிக்கொண்டு, "சும்மா வெளையாட்டுக்குண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள்.

உபால்தோ சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்து, கைகளைக் கூப்பினார்.

"நீ தப்பான கார்ல ஏறிட்டேம்மா," என்றார் கெஞ்சலாக. "இந்த வளைவுல நான் அடிச்சுப் போட்டுட்டுப் போனது ஒரு ஆம்பளைய."