பாண்டிச்சேரிக்குப் போன ஜோடி

மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் எதிர்முனையில் போனை எடுத்தார்கள். கோவை பீளமேட்டில் யுவஸ்ரீக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஏன் போனை எடுக்கலை? எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“பாண்டிச்சேரி கடற்கரையிலதான். பிரெஞ்சுக்காரங்க தெருவெல்லாம் நடந்தே பார்த்துப்போட்டு இப்பத்தான் வந்து உக்காந்தோம்.”

“சாப்பிட்டியா?”

“வஞ்சிர மீன் கொழம்பு. அவரே முள்ளெடுத்து வெச்சாரு.”

கல்யாணமான கையோடு கிளம்பிய பயணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாமென்று தடுத்தும், மாப்பிள்ளை பார்த்து முடித்துவைத்தவள் யுவஸ்ரீ. ஏதாவது தப்பாகிவிட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“நெசமாச் சொல்லு. கோவப்பட்டாரா? ஏதாச்சும் மனசு நோகப் பேசினாரா?”

“இல்ல.”

“உன் குரலே சரியில்ல. அழுதியா?”

“அழுதேன்.”

யுவஸ்ரீ எழுந்து செருப்பை மாட்டினாள். “இப்பவே கிளம்பி வாரேன். என்ன செஞ்சாரு?”

“ஒண்ணுஞ் செய்யல. நாளைக்கு எங்க போலாம், உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. உங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லையே, கண்ணு.”

யுவஸ்ரீ மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

“மெதுவா யோசிச்சுச் சொல்லும்மா,” என்றாள். “அவரு காத்திருப்பாரு.”