ஒதுங்கிய வட்டம்

ஜூன் 9. பெட்டி மாறி, புது மருந்துக்குப் பதில் பழைய மருந்து தோய்ந்த காகித வில்லையைக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துவிட்டேன்.

மாலை வகுப்பில் ஆய்வுக்கூடப் படிப்புப் படிக்கும் இசக்கியம்மாள், இப்படிக் குறிப்பேட்டில் எழுதிவைத்த மறுநாள், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் தட்டைத் திறந்தாள். பஸ் கண்டக்டர் ரோஸ்மேரியின் சிறுநீரில் இருந்த கிருமி, மருந்து வில்லைகளைச் சட்டைசெய்யாமல் ஒட்டி ஒட்டி வளர்ந்திருந்தது. மூன்று முறை மாத்திரை மாற்றியும் எரிச்சல் தீராத ரோஸ்மேரி முடிவு கேட்க வந்து நின்றாள்.

“ஏட்டி, டிக்கெட்டும் எடுக்காம, எறங்கவும் மாட்டேங்கிற இந்தச் சனியனுக்கு மருந்தே கெடையாதா?”

பழைய மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி விலகி, துடைத்துவிட்டதுபோல் ஒரு வட்டம் தெரிந்தது. இசக்கி தன் கண்ணை நம்பாமல் அளவுகோல் வைத்து இருமுறை அளந்தாள்.

“ஒண்ணு இருக்குக்கா.”

ரோஸ்மேரி அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். இசக்கியும் சிரித்துக்கொண்டே எழுதினாள்: நாளை டாக்டரிடம் தவறைச் சொல்லி, தட்டைக் காட்ட வேண்டும்.