மணி அடிக்கும் வரை

"இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சார்?"

மேடையில் எக்கி நின்று மைக்கில் ட்ரூடி இப்படிக் கேட்டதும், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய டீச்சர் ஜோலீன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அர்த்தம் கேட்கிற வார்த்தையா இது? 'வியர்ட்'. விசித்திரமான என்று அர்த்தம். நெப்ராஸ்காவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லும்.

ஸ்பெல்லிங்தான் கொஞ்சம் வழுக்கும். ஈ முதலில் வருமா, ஐ முதலில் வருமா என்று பெரியவர்களே முழிப்பார்கள். ஆனால் ட்ரூடி முழிக்கிறவள் இல்லை. பயிற்சியில் வார்த்தை காதில் விழுந்த கையோடு எழுத்துகளைக் கொட்டிவிடுவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த வெர்ன் ஹோலச்செக் தொண்டையைச் செருமினார். உள்ளூர் ரேடியோவில் மாட்டு விலையும் மழை நிலவரமும் சொல்லிச் சொல்லி ஊறிய குரல். மாவட்ட எழுத்துக்கூட்டல் போட்டியில் பல வருஷமாக வார்த்தைகளை வாசிப்பவர் அவர்தான்.

"வழக்கமா இல்லாதது. பார்த்தா, என்னடா இதுன்னு நினைக்க வைக்கிறது."

"எந்த மொழியிலேருந்து வந்தது சார்?"

"பழைய இங்கிலீஷ். அந்தக் காலத்துல இதுக்கு விதின்னு அர்த்தம். தலையெழுத்துன்னு சொல்றோமே, அது. அப்புறம் விதியை ஆட்டி வைக்கிற சக்திக்கு இந்தப் பேரைச் சொன்னாங்க. போகப்போக, நமக்குப் புரியாதது எல்லாமே இதுல சேர்ந்துடுச்சு."

ஜோலீனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த லொரெய்னிடம் கிசுகிசுத்தாள். வாசலில் ஆப்பிள் பை பலகாரம் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தவள் லொரெய்ன்.

"முதல் ரவுண்டிலேருந்து இதே கூத்துதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஒவ்வொரு வார்த்தைக்கும் இத்தனை கேள்வி எதுக்கு?"

"கேக்கட்டும் விடும்மா."

"நேரம் போகுதே! இவகூடப் போட்டியில மிஞ்சி நிக்கிற அந்தப் பையன் டாட், அவன் வார்த்தையைச் சரியாச் சொல்லிட்டான். இவ கோட்டை விட்டா கோப்பை அவனுக்குத்தான்."

"போனா போகட்டும். நீ ஊருக்குப் புதுசு. பேசாம உக்காரு."

ஃப்ளோரிடாவிலிருந்து போன ஆகஸ்டில்தான் ஜோலீன் இங்கே வேலைக்கு வந்தாள். வந்த முதல் வாரமே, "போட்டிக்கு என் பேரைச் சேத்துக்கோங்க மிஸ்" என்று தானாக வந்து நின்றவள் ட்ரூடி. இந்தப் பள்ளிக்கூடம் கோப்பையைக் கண்ணால் கண்டதில்லை. ஜெயித்தால் அடுத்து ஒமாஹா நகரத்தில் பெரிய போட்டி. குளிர்காலம் முழுக்க டீச்சரும் பெண்ணும் உட்கார்ந்து படித்தது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி நகரவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. போட்டி அவ்வளவு விறுவிறுப்பு என்று ஜோலீன் நினைத்துக்கொண்டாள்.

"ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லுங்க சார்."

வெர்ன் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"கிழவனுக்கு வயசாகியும் வீம்பு மட்டும் குறையாதது விசித்திரம்தான்."

பக்கத்தில் இருந்த நடுவர் சட்டென்று நிமிர்ந்தார். தாளில் இருந்த வாக்கியம் அதுவல்ல. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சொல்லுடி, சொல்லித் தொலை!" ஜோலீன் பல்லைக் கடித்தாள்.

"வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"வியர்ட்," என்றார் வெர்ன். குரல் கம்மியிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"வி...யர்ட்."

ட்ரூடி அவரைப் பார்த்தபடியே நின்றாள். நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

டாட் அடுத்த வார்த்தையைப் பிசிறில்லாமல் சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். ஊரார் கைதட்டினார்கள். பின் கதவோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த ட்ரூடியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், பெண் தோற்ற துக்கம் என்று ஜோலீனுக்கும் அழுகை வந்தது. அழுகை கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது.

மேடைக்குப் பின்னால் ட்ரூடியை மடக்கிப் பிடித்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வார்த்தை மறந்துபோச்சா?"

"டபிள்யூ, ஈ, ஐ, ஆர், டி," என்றாள் ட்ரூடி ஒரே மூச்சில்.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா சொல்லாம நின்னே? கோப்பை போச்சு, ஒமாஹா போச்சு!"

"அங்க வேற யாரோதானே வாசிப்பாங்க மிஸ்."

"யாரு வாசிச்சா உனக்கென்ன?"

ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. வெர்ன் ஹோலச்செக் மட்டும் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு மேடைப் படியருகே நின்றிருந்தார். கிட்டே வரவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை.

"மேடையில நான் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்லியே ஆகணும், அதானே மிஸ் ரூல்?" என்றாள் ட்ரூடி. "அம்மா அவர் பேச்சை மீறி அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதிலேருந்து தாத்தா எங்க யார்கிட்டயும் பேசறதே இல்ல."