கோத்த விரல்கள்

பிரசவ அறையின் வாசலில் ஆர்க்கிப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, முழங்காலைச் சுற்றி விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே அவளுடைய அடிமை ஸோசிலா காலையிலிருந்து வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

மருத்துவச்சி மெலித்தா வந்ததும் முதல் வேலையாக முடிச்சுகளை அவிழ்த்தாள். ஸோசிலாவின் கூந்தல், இடைக்கச்சை, செருப்பு வார், மூலையில் கிடந்த கம்பளி மூட்டை. பெட்டிகளைச் சுற்றியிருந்த கயிற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பிள்ளை பிறக்கும் வீட்டில் எதுவும் கட்டுண்டு கிடக்கக் கூடாது.

அவிழாமல் மிச்சம் இருந்தவை எஜமானியின் விரல்கள் மட்டும்தான்.

அப்படி உட்கார்ந்த தெய்வம் யாரென்று டெல்ஃபி மலையடிவாரத்தில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் கணவன் ஸீயஸ் இன்னொருத்தியின் வயிற்றில் வைத்த பிள்ளை வெளியே வரக் கூடாதென்று ஹேரா, பிரசவத் தெய்வம் எய்லீத்யாவை ஏவினாள். எய்லீத்யா அந்த வீட்டு வாசலில் இப்படித்தான் உட்கார்ந்தாள். அவள் விரல் பிரியும்வரை பிள்ளை பிறக்கவில்லை.

ஸோசிலாவின் வயிற்றில் இருந்ததும் யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மெலித்தா முதலில் கெஞ்சினாள். வேண்டுமானால் அடுப்படியில் போய் உட்காருங்கள், கொல்லையில் போய் உட்காருங்கள், வாசலை மட்டும் விடுங்கள் என்றாள். பிறகு ஏசினாள்.

"உன் வயித்துல ஒண்ணும் தங்கலேன்னா அதுக்கு இவளா பொறுப்பு? குட்டி போடுற நாயை இன்னொரு நாய்கூடக் கடிக்காது."

ஆர்க்கிப்பா தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டுப் பெண்கள் அவளைக் கடக்கும்போதெல்லாம் தரையில் துப்பினார்கள். ஒருத்தி கழுநீரை அவள் காலடியில் படும்படி கொட்டினாள். அதற்கு முன்பு அந்த வீட்டில் எந்த அடிமைக்கும் அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

ஒலிவத் தோப்பிலிருந்து கணவன் தாமோன் வந்தான். எழுந்திரு என்றான். இரண்டாம் முறை சொல்லாமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். நாற்காலியோடு அவள் நகர்ந்தாளே தவிர, கோத்த கை கோத்தபடி இருந்தது.

"விரலை ஒடிச்சிடுவேன்."

"ஒடிங்க. ஒடிஞ்சாலும் கோத்துத்தான் இருக்கும்."

வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை விட்டுவிட்டான்.

உள்ளே மெலித்தாவுக்கு அந்தப் பழைய கதையின் மிச்சம் நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறந்துவிட்டதென்று ஒரு வேலைக்காரி பொய்யாகக் கூவ, திடுக்கிட்ட தெய்வம் கையைப் பிரித்துவிட்டாளாம். மெலித்தா வெளியே ஓடிவந்து, பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஆர்க்கிப்பாவின் சுண்டுவிரல்கூட அசையவில்லை. அழுகைச் சத்தம் கேட்கவில்லையே என்று மட்டும் சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் ஸோசிலா சாபமிட்டாள். அவள் குரல் அதற்குள் கம்மிப்போயிருந்தது. இரவின் மகள்களான பழிவாங்கும் தெய்வங்களைப் பேர் சொல்லி அழைத்து, வாசலில் இருப்பவளை அவர்களிடம் ஒப்படைத்தாள். அந்தப் பேர்களைப் பகலில்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆர்க்கிப்பாவின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

இனி தாங்காது, இரண்டு உயிரும் போகும் என்று மெலித்தா சொன்னாள். போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றாள். ஓங்கியும் விட்டாள்.

அப்போதுதான் தெருக்கதவு திறந்தது. ஆர்க்கிப்பாவின் தம்பி லிக்கோன் கோவேறு கழுதையிலிருந்து இறங்கி, கயிற்றைக்கூடக் கட்டாமல் உள்ளே வந்தான். முழங்கால்வரை மலைப்புழுதி.

"ஆச்சு அக்கா. சாமி வாங்கிக்கிட்டார். சாட்சி வச்சு, சத்தமாச் சொல்லி முடிச்சாச்சு."

முற்றத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டெல்ஃபிக் கோயிலில் அப்போலோனுக்கு விற்கப்பட்ட அடிமைக்கு அதன்பின் மனிதரில் எஜமான் கிடையாது. ஸோசிலா ஆர்க்கிப்பாவின் சீதனமாக வந்தவள். விற்கும் உரிமை ஆர்க்கிப்பாவுக்குத்தான். அடிமையின் பிள்ளை வீட்டுக்காரனுக்குச் சொந்தம். விடுதலையான பின் பிறக்கும் பிள்ளை தாய்க்கே சொந்தம். கோயிலுக்கு ஆள் போனது தெரிந்தால் தாமோன் வழியிலேயே மறித்திருப்பான். அதனால் அவள் ஸோசிலாவிடம்கூடச் சொல்லவில்லை. வலி ஒரு நாள் முந்திக்கொண்டுவிட்டது.

தாமோன் ஏதோ கத்தினான். லிக்கோன் அவனுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான்.

ஆர்க்கிப்பாவால் கையைப் பிரிக்க முடியவில்லை. விறைத்துப்போயிருந்தது. மெலித்தா குழவியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நேரமும் இல்லை.

லிக்கோன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அழுகைச் சத்தம் கேட்டது.

ஆர்க்கிப்பா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே ஸோசிலாவிடம் சொன்னாள்.

"நடக்க முடிஞ்ச அன்னைக்கே போயிடு. உன்னை எனக்கு எப்பவுமே பிடிச்சதில்லே."

ஸோசிலா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இட்ட சாபத்தை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆணா, பெண்ணா என்று தாமோன் முற்றத்திலிருந்து கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஸோசிலாவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோதும் அவன் இதையேதான் கேட்டான். பெண் என்றார்கள். பிள்ளையை உள்ளே வைத்து மலைச்சரிவில் விட்டுவர ஒரு பழைய பானை வேண்டும் என்றான்.

நல்ல பானைகளை ஒதுக்கிவிட்டு, விரிசல் விட்ட ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் ஆர்க்கிப்பா.