வெள்ளையம்மாவின் வேண்டுதல்

"வெள்ளிக்கெழம தீ மிதிச்சிட்டு ஞாயித்துக்கெழம எப்படிம்மா ஓடுவேன்?" என்றான் சபாபதி.

"மாரியம்மனுக்கு வேண்டியாச்சு. இனிமே மாத்த முடியாது." வெள்ளையம்மா மகனின் முகத்தைப் பார்க்காமலே கஞ்சி ஊற்றினாள்.

"நான் வேண்டிக்கலியே. நீதானே வேண்டிக்கிட்ட?"

"நீ பொறக்கணும்னும் நான்தான்டா வேண்டிக்கிட்டேன். அப்ப உன்னைக் கேட்டா செஞ்சேன்?"

அவன் குனிந்து கஞ்சியைக் குடித்தான்.

மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவன் சபாபதி. லயத்து வீட்டு வாசலில் தலையைக் குனியாமல் நுழைய முடியாத உயரம். டவுனில் சீனக் கடைக்காரர்கள் நடத்திய கூடைப்பந்துக் குழுவுக்கு ஒருநாள் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற இவனை உள்ளே இழுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குழுவுக்கு இவன்தான் எல்லாம். அவனுக்குச் சீனம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. ஆனால் பந்து சேரவேண்டிய கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தவுக்கே ஆள் அனுப்பியிருந்தார். சொந்தமாகக் குழு வைத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போய், டிக்கெட் போட்டு ஆட வைக்கும் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து ஆட்டத்தைப் பார்ப்பார். பிடித்துவிட்டால் சபாபதிக்கு மாதச் சம்பளம். மரம் சீவ வேண்டாம், வேலை வாங்கும் தண்டலிடம் ஏச்சு வாங்க வேண்டாம். பந்தாடிக்கொண்டே பினாங்கு, சியாம் என்று போய்க்கொண்டிருக்கலாம். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு இப்படியொரு வாசல் இன்னொரு தடவை திறக்குமா என்ன?

"சேந்த பொறகு மிதிக்கிறேன்மா. கேட்டது கெடச்ச பொறகுதானே எல்லாரும் கடனைத் தீர்க்கிறாங்க?"

"திருவிழா வருசத்துக்கு ஒருக்காதான் வருது. தாயிகிட்ட பேரம் பேசாத."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் கனகராஜுக்குப் பொறுக்கவில்லை. "அத்தே, இவன் பாதத்தைத் தொட்டுப் பாத்தீங்களா? சப்பாத்து போட்டுப் போட்டு, தொரை வீட்டுப் புள்ள காலு மாதிரி ஆயிருச்சு. நம்ம காலு தீயைத் தாங்கும். இவன் காலு தாங்காது லா."

"வெரதம் ஒழுங்கா இருந்தா எந்தக் காலும் தாங்கும்."

"விடு, கனகு," என்றான் சபாபதி. "அம்மா எனக்காகத்தானே நேந்துக்கிட்டிருக்கு. மிதிச்சிட்டுப் போறேன்."

அப்பா இல்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையாவது நன்றாக இருக்கட்டும் என்று பெற்றவள் சாமியிடம் கேட்டால், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவன் மனம் அப்படித்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமை மாலை மஞ்சள் வேட்டியோடு தீக்குழியில் இறங்கினான். பாதிக் குழியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினால் அம்மாவுக்குத் தலைகுனிவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தே கடந்தான். பால் குழிக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பாதமும் கொப்பளித்துப் போயிருந்தன.

ஊருக்குக் காரணம் சொல்லவா தெரியாது? சீனன் கடையில் கண்டதையும் தின்றிருப்பான், விரதம் கெட்டிருக்கும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள். விரதம் முழுக்க ஒருவேளைச் சோற்றோடு இருந்தவனுக்குக் காலைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் எரிந்தது.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. கனகராஜின் சைக்கிளில் உட்கார்ந்து டவுனுக்குப் போனான். பாதத்தில் துணியைச் சுற்றி, அதன்மேல் சப்பாத்தை மாட்டி இறங்கினான். முதல் பந்தை எட்டிப் பிடித்துக் கூடைக்குள் போட்டான். கீழே வந்து காலை ஊன்றியவன் அப்படியே சுருண்டு விழுந்தான்.

தவுக்கே அருகில் வந்து சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். துணி ஈரமாகிச் சிவந்திருந்தது.

"கெனாப்பா?" என்று மலாயில் கேட்டார். என்ன ஆச்சு என்கிறார்.

சாமிக்காகத் தீ மிதித்தான் என்று கனகராஜ் தெரிந்த மலாயில் சொன்னான். ஆற எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒரு மாதமாவது ஆகும் என்றான். அடுத்த வாரமே அவர் குழு சியாமுக்குக் கப்பல் ஏறுகிறது.

"சாயாங்," வீணாய்ப் போச்சே என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்தார் தவுக்கே. எதிர்க்குழுவில் ஆட யோங் பெங்கிலிருந்து வந்திருந்த சீனப் பையன் அவருடைய காரில் ஏறிக்கொண்டான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

மாலையில் மகனின் பாதங்களை மடியில் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள் வெள்ளையம்மா. தடவத் தடவ அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"கேட்டதைக் குடுக்காத சாமிக்கு எதுக்கு அத்தே தீ மிதிக்கணும்?" கனகராஜின் குரலில் வெறுப்பு.

"சாமியப் பத்திப் பேசாத. போடா வெளியே," என்று சீறினாள். இவ்வளவு கோபமாக அவளை அவன் பார்த்ததே இல்லை. எழுந்து போய்விட்டான்.

சபாபதி கையை நீட்டி அம்மாவின் கண்ணைத் துடைத்தான். "அழாதம்மா. நீ நல்லதுக்குத்தான் வேண்டிக்கிட்ட. பலிக்காமப் போச்சு, அதுக்கு நீ என்ன செய்வ? அடுத்த வருசம் வேற யாராச்சும் கூப்பிடுவாங்க. அப்பவும் எனக்காக வேண்டிக்க, மிதிக்கிறேன்."

வெள்ளையம்மா மறுபடியும் எண்ணெயைத் தொட்டுத் தடவினாள். 'என் பெரிய புள்ளைதான் போயிட்டான், இவனையும் யாரும் கூட்டிக்கிட்டுப் போகாமப் பாத்துக்க தாயி' என்று அவள் வேண்டிக்கொண்டதை மாரியம்மன் அப்படியே பலிக்க வைத்துவிட்டாள் என்பதை, அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்?