கிதேக்கு மூன்று லீடர்

ஒசாகாவில், ஐந்து கொரியப் பையன்கள் கொண்ட பாட்டுக் குழுவின் ஜப்பானிய ஆல்பம் வெளியான நாள். கடை வாசலில் சந்தை இரைச்சல். ஆல்பத்தைப் பிரித்தால் ஐவரில் யார் படம் வருமோ, அது அவரவர் அதிர்ஷ்டம். பிடிக்காவிட்டால் அங்கேயே மற்ற ரசிகர்களோடு மாற்றிக்கொள்ளலாம்.

மிச்சிருவுக்குக் கிதேயின் படம் வந்தது. குதித்தே விட்டாள்.

"இவனுக்கா இந்த ஆட்டம்? ஆல்பம் முழுக்க இவனுக்கு ஒரே ஒரு வரிடீ!" என்றாள் தோழி கொனோமி. அவளுக்குக் குழுவின் லீடர்மேல்தான் பைத்தியம்.

மகரந்தம் பறந்து ஊரே தும்மும் மாதம். எல்லோர் முகத்திலும் மாஸ்க். அப்படியொரு மாஸ்க் பையன் வந்து நின்றான்.

"அந்தக் கிதே படத்தைக் குடுங்க. பதிலுக்கு லீடர் படம் மூணு தர்றேன்."

"குடுத்துத் தொலைடீ!" கொனோமி அலறினாள்.

"முடியாது" என்றாள் மிச்சிரு.

"அவன் ஜப்பானிய மொழியில பாடினா சிரிப்புதாங்க வருது" என்றான் மாஸ்க் பையன்.

மிச்சிருவுக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயக் கழுவுங்க! அந்த ஒரு வரிக்காகத்தான் ஆல்பமே வாங்கினேன். முப்பது லீடர் குடுத்தாலும் தர மாட்டேன்!"

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு மூன்று லீடரையும் கொனோமி கையில் சும்மாவே திணித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடினான்.

"லூசா இவன்?" என்றபடி கொனோமி படங்களுக்கு முத்தமழை பொழிந்தாள்.

சாயங்காலம், ஆல்பம் வாங்கியவர்கள் ஐவரோடும் கையோடு கை தட்டிக்கொள்ளும் வரிசை. நால்வரைத் தாண்டி, கடைசியில் ஓரமாக நின்ற கிதேயிடம் கையை நீட்டினாள் மிச்சிரு.

அவன் அவள் கையோடு கை தட்டி, குனிந்து, ரகசியமாகக் கேட்டான்:

"முப்பத்தோரு லீடர் குடுத்தா?"