பெரியவருக்கு ஏர்கூலர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ரிட்டையரான முனிரத்தினத்துக்கு ஒரே கவலை: மகன் தன்னை எங்கே தள்ளிவிடுவானோ என்பதுதான். அன்று, ஒடுகத்தூர்ப் பண்ணையில் மேனேஜராக இருக்கும் மகன் கௌதம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"பெரியவரு ஓடினதெல்லாம் போதும், இனிமே ரெஸ்ட்டுதான். முட்டிக்கு டாக்டரைக் கூப்புடு. பசங்கல்லாம் இன்னிக்கு ஜெயிக்கிறாங்கன்னா அது அவரு ரத்தம்டா!"

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் பெற்றது ஒரே பிள்ளை என்பதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கௌதம் உள்ளே வந்தான்.

"ப்பா, உங்க ரூம் ஏர்கூலரைக் கழட்டிக்கிறேன்."

"இன்னாத்துக்குப்பா?"

"பெங்களூர் ரேஸ்ல கப்பு கப்பா ஜெயிச்ச குதிரை, நாளைக்குப் பண்ணைக்கு வர்றாரு. வயசானவரு, நம்ம வேலூர் வெயிலு தாங்க மாட்டாருப்பா."

முனிரத்தினமே எழுந்து பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தார்.